பூ ஆய்வுப் பெட்டி: டார்ச்சைவிடப் புட்டிகளே மேல்

பூவுக்கு நிறமும் மணமும் எதற்கு என்பதை நேரில் பார்த்துக் கற்க உதவும் என்று விற்கப்படும் பெட்டி இது. உள்ளே 10 மடங்கு கை லென்ஸ், இடுக்கி, புறஊதா டார்ச், மூடியுள்ள ஆறு சின்னக் கண்ணாடிப் புட்டிகள், ஒரு கையேடு. லென்ஸும் புட்டிகளும் நல்ல தரம். டார்ச்சும் கையேடும் சேர்ந்துதான் ஒரு தவறான பாடத்தைச் சொல்லித் தருகின்றன.

"தேனீயின் கண்ணால் பூவைப் பாருங்கள்" என்கிறது கையேடு. இந்த டார்ச்சால் அது நடக்காது. தேனீயின் கண்ணில் மூன்று வகை நிற உணரிகள் உண்டு. அவை ஏறத்தாழ 344, 436, 544 நானோமீட்டர் அலைநீள ஒளிக்கு, அதாவது புறஊதா, நீலம், பச்சைக்கு, நன்றாக வேலை செய்யும். சூரியகாந்தி இதழின் நுனி புறஊதாவைத் திருப்பி அனுப்புகிறது, அடிப்பகுதி உறிஞ்சிக்கொள்கிறது. நமக்கு முழுக்க மஞ்சளாகத் தெரியும் அதே இதழ்வட்டம், தேனீக்கு உள்ளே ஒரு நிறமும் வெளியே ஒரு நிறமுமாக, தேன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அந்தப் புறஊதா நம் கண்ணுக்குத் தெரியாது. டார்ச் அடிக்கும்போது நாம் பார்ப்பது ஒளிர்வு: பூவிலுள்ள சில வேதிப்பொருள்கள் புறஊதாவை வாங்கிக்கொண்டு, நமக்குத் தெரியும் ஒளியாக வெளிவிடுகின்றன. தேனீ பார்க்கும் கோலம் வேண்டுமென்றால், புறஊதாவைத் தடுக்கும் உள்வடிகட்டியை நீக்கிய கேமராவில் புறஊதாவை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்தி வெயிலில் படமெடுக்க வேண்டும். சாதாரண போன் கேமராவால் ஆகாது.

ஒளிர்வும் பார்க்கத் தகுந்ததுதான். பல பூக்களின் மகரந்தம் இருட்டில் பளிச்சென்று ஒளிரும். பச்சை இலை மங்கிய சிவப்பாகத் தெரியும். ஆனால் பெட்டியில் இருப்பது 395 நானோமீட்டர் டார்ச். அதிலிருந்து வரும் ஊதா வெளிச்சமே மெல்லிய ஒளிர்வை மூழ்கடித்துவிடுகிறது. 365 நானோமீட்டரில், முகப்பில் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி வைத்த டார்ச்தான் இதற்குச் சரி. வித்தியாசம் தெரிய வெள்ளைச் சுவரில் அடித்துப் பாருங்கள்: 395 பெரிய ஊதா வட்டம் போடும், வடிகட்டியுள்ள 365 அநேகமாக எதையும் காட்டாது. அதற்காக ஒளி குறைவு என்று நினைத்து டார்ச்சுக்குள் பார்த்துவிடக் கூடாது. கண்ணுக்குப் புறஊதா தடுக்கும் கண்ணாடி அவசியம்; இந்தப் பெட்டியில் அது இல்லை. பெரிய குறை இதுதான்.

இனி புட்டிகள். மணம் பூவின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எளிய கருவி வேறில்லை. அப்போதுதான் விரிந்த பூவின் புல்லிவட்டம், இதழ், மகரந்தத்தாள், சூலகம் நான்கையும் இடுக்கியால் மெல்லப் பிரித்துத் தனித்தனிப் புட்டியில் போட்டு மூடுங்கள். ஐந்தாவதை, ஒப்பிட்டுப் பார்க்க, காலியாக மூடி வையுங்கள். அரை மணி நேரம் கழித்து, முதலில் காலிப் புட்டி, பிறகு மற்றவை என்று முகர்ந்து பாருங்கள். பல பூக்களில் இதழ்தான் மணக்கும். சிலவற்றில் மகரந்தத்துக்கே தனி மணம் இருக்கும்.

சொதப்புவது பெரும்பாலும் மூன்று இடங்களில். இதழ் நசுங்கினால் வெட்டிய புல் வாசனை கிளம்பிப் பூவின் மணத்தை மறைக்கும். அது காயம்பட்ட திசுவின் வாசனை. கையில் சோப்பு மணம் இருந்தால் எல்லாப் புட்டியும் ஒன்றுபோல இருக்கும். மூன்றாவது, நேரம்: அந்துப்பூச்சியை நம்பியிருக்கும் வெண்ணிறப் பூக்கள் பொழுது சாய்ந்த பிறகே மணத்தை அள்ளி வீசும். மல்லிகையை நண்பகலில் மொட்டாகச் சோதித்துவிட்டு மணமில்லை என்று எழுதக் கூடாது. இருட்டில் நிறம் அதிகம் உதவாது; தூரத்திலிருந்து பூச்சியை இழுப்பது மணம்தான்.

கையேட்டில் திருத்த வேண்டியது இன்னொன்று: "சிவப்பு தேனீயைக் கவரும்" என்ற வரி. தேனீக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. பளீரென்ற செந்நிறமும் ஏராளத் தேனும் கொண்டு, மணமே இல்லாத பூக்கள் பலவும் பறவைக்கானவை. பூவைத் தேடப் பறவை மூக்கை அதிகம் நம்புவதில்லை. அழுகிய இறைச்சிபோல நாறும் பூக்களையும் கையேடு விட்டுவிட்டது. கந்தகச் சேர்மங்களால் ஈயை ஏமாற்றி வரவழைக்கும் அவற்றைச் சொல்லாமல் மணத்தின் கதை முழுமையாகாது.

லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பூவை 2.5 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுவாருங்கள். முதலில் ஒரு புல்லின் பூவைப் பாருங்கள்: தொங்கும் மகரந்தப்பைகள், இறகுபோல் விரிந்த சூல்முடி, அவ்வளவுதான். புல்லின் மகரந்தத்தைச் சுமப்பது காற்று; காற்றுக்கு நிறமும் மணமும் காட்டி ஆவதொன்றுமில்லை. இந்த ஒப்பீடு கையேட்டின் முதல் பக்கத்திலேயே வந்திருக்க வேண்டும்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, பெரியவர் துணையோடு, வாங்கிக் கொடுக்கலாம். லென்ஸும் புட்டிகளும் தனியாகக் கிடைத்தால் அவற்றை மட்டும் வாங்கி, மிச்சப் பணத்தை 365 டார்ச்சுக்கும் பாதுகாப்புக் கண்ணாடிக்கும் வைத்துக்கொள்வது நல்லது.