யோகோஹாமா நியூ கிராண்ட்: அறை எடுத்தால் பழைய கட்டடத்தில் எடுங்கள்

ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தை ஒட்டிய ஹோட்டல் நியூ கிராண்டில் இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. ஒன்று 1927 டிசம்பரில் திறக்கப்பட்டது; மற்றொன்று அதை ஒட்டி 1991-இல் எழுப்பப்பட்ட 18 மாடிக் கட்டடம். புதிய கட்டடத்தின் மேல்மாடிகளிலிருந்து துறைமுகமும் விரிகுடாப் பாலமும் முழுதாகத் தெரியும் என்பதால், படங்களைப் பார்த்து முன்பதிவு செய்பவர்களின் கை இயல்பாகவே அந்தப் பக்கம் போய்விடும். 'ஹொன்கான்' என்று ஜப்பானியர் குறிப்பிடும் பழைய கட்டடத்தில் இடம் இருந்தால் அதையே எடுங்கள் என்பதுதான், சென்ற நவம்பரில் என் மனைவியோடு அங்கே மூன்று இரவுகள் தங்கித் திரும்பிய நான் சொல்ல விரும்புவது.

பழமையைச் சொல்லி வாடகை வாங்கும் ஹோட்டல்கள் மீது எனக்கு முன்பு அவ்வளவாக நம்பிக்கை இருந்ததில்லை. ஜப்பானின் வேறொரு நகரில் அப்படி ஒன்றில் தங்கியபோது, பழைய காலத்திலிருந்து அங்கே எஞ்சியிருந்தவை கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சில தட்டுகளும் சுவரில் மாட்டிய புகைப்படங்களும் மட்டுமே என்பதைக் கண்டு வருந்தினேன். நியூ கிராண்டில் பழையவை பெட்டிக்குள் இல்லை. அவற்றின் மீது நடக்கிறோம், உட்காருகிறோம், அவற்றிலேயே உறங்குகிறோம்.

பூங்காவைப் பார்த்த வாசல் வழியாக நுழைந்ததும் எதிரே நீலக் கம்பளம் விரித்த அகலமான படிக்கட்டு மேலேறுகிறது. படியேறும்போதே கண் எதிர்ச்சுவருக்குப் போகிறது. அங்கே லிஃப்ட் கதவுக்கு மேலே ஒரு கடிகாரம். அதற்கும் மேலே, தேவமகளிர் வாத்தியம் இசைக்கும் காட்சியைப் பட்டு நூலால் நெய்த கியோட்டோ நெசவுத் திரை. தூரத்திலிருந்து ஓவியம் போலத் தோன்றும் அது, பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தால் நூல் நூலாகப் பிரிந்து தெரிகிறது. நம் கோயில் சிற்பங்களில் பறக்கும் கந்தர்வர்கள் பௌத்தத்தோடு கிழக்கே பயணப்பட்டு வந்த வழியை நினைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். மாடியின் கூடத்தில் உயரமான சன்னல்களும் கருத்த மரத் தூண்களும் கனத்த நாற்காலிகளும் இருக்கின்றன. துறைமுகம் வெளிநாட்டவருக்குத் திறக்கப்பட்ட பின் அவர்களுக்காக மேலைநாட்டுப் பாணியில் மரச்சாமான் செய்யக் கற்றுக்கொண்ட உள்ளூர்த் தச்சர்களின் மரபு 'யோகோஹாமா மரச்சாமான்' என்றே பெயர் பெற்றது. அந்த மரபில் வந்த நாற்காலிகள் இவை. வரவேற்பு மேசை இப்போது தரைத்தளத்தில் இருப்பதால், இங்கே தங்குபவர்களிலும் சிலர் இந்தக் கூடத்துக்கு வராமலே திரும்பிவிடக்கூடும். அப்படிச் செய்துவிடாதீர்கள்.

1923 செப்டம்பர் 1 அன்று நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் இந்நகரம் தரைமட்டமானது. கடற்கரையில் புகழோடு இருந்த கிராண்ட் ஹோட்டலும் அதோடு அழிந்தது. நகரம் மீண்டுவிட்டது என்று வெளிநாட்டவருக்குக் காட்டுவதற்காக நகர நிர்வாகமும் உள்ளூர் வணிகர்களும் சேர்ந்து எழுப்பியதே நியூ கிராண்ட். கட்டடக் கலைஞர் வத்தனாபே ஜின். தோக்கியோவின் கின்சாவில் மணிக்கூண்டோடு நிற்கும் புகழ்பெற்ற கட்டடமும் அவர் வடிவமைத்ததுதான்.

எங்கள் அறை பூங்காவைப் பார்த்தது. பெரிய அறை என்று சொல்ல முடியாது. புதிய கட்டடத்தின் உயரம் இல்லாததால் கடலும் மரங்களுக்கு இடையில்தான் தெரிந்தது. ஆனால் நவம்பர் கடைசியில் அந்தச் சாலையின் கிங்கோ மரங்கள் முழு மஞ்சளாகிவிடுகின்றன. காலையில் திரையை விலக்கியதும் அந்த மஞ்சளுக்கு அப்பால், கரையோரம் நிரந்தரமாக நிறுத்தி வைத்திருக்கும் பழைய பயணிகள் கப்பலான ஹிகாவா மாருவின் கறுப்பு உடல் தெரிந்த காட்சிக்கு ஈடாக எந்த மேல்மாடிக் காட்சியையும் நான் கேட்கமாட்டேன். இதே கட்டடத்தின் 315-ஆம் எண் அறை அமெரிக்கத் தளபதி மெக்கார்தருடையது. 1937-இல் தேனிலவுக்கு வந்து தங்கிய அவர், 1945 ஆகஸ்ட் 30 அன்று அத்சுகி விமானத் தளத்தில் இறங்கி, வெற்றி பெற்ற படையின் தளபதியாக நேராக இங்கேதான் வந்தார். அந்த அறையையும் அருங்காட்சியகமாக்காமல், பணம் கொடுப்பவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். இன்று ஜப்பான் முழுவதும் சாதாரண உணவகங்களில் கிடைக்கும் மூன்று பண்டங்களின் பிறப்பிடமாக இந்தச் சமையலறை பெயர் பெற்றிருக்கிறது. முதல் தலைமைச் சமையல்காரர் சாலி வெயில், சுவிட்சர்லாந்துக்காரர். பட்டியலில் இல்லாத எதைக் கேட்டாலும் செய்து தருவோம் என்று பட்டியலிலேயே எழுதி வைத்திருந்தவர். உடல்நலம் குன்றிய ஒரு விருந்தினர் தொண்டையில் எளிதாக இறங்கும் உணவு வேண்டும் என்று கேட்டபோது, வெண்ணெய்ச் சோற்றின் மேல் இறாலும் வெண்சாந்தும் (ஒயிட் சாஸ்) இட்டுச் சீஸ் தூவிச் சுட்டுக் கொடுத்தார். 'தோரியா' அப்படித்தான் பிறந்தது. போருக்குப் பின் ஹோட்டல் அமெரிக்கப் படையின் கையில் இருந்த காலத்தில், படைவீரர்கள் வேகவைத்த ஸ்பகெட்டியில் கெச்சப்பைக் கலந்து சாப்பிடுவதைக் கண்ட இரண்டாம் தலைமைச் சமையல்காரர் இரியே ஷிகெதாதா, தக்காளி, பூண்டு, வெங்காயம் கொண்டு முறையான சாந்து செய்து உருவாக்கியது 'நபொரித்தான்'. அதிகாரிகளின் மனைவியருக்காகச் செய்ததுதான் பழங்களும் ஐஸ்கிரீமும் சூழ வரும் 'புடிங் அலமோட்'.

மூன்றும் தரைத்தளத்தில் உள்ள 'தி கஃபே'யில் கிடைக்கின்றன. தோரியா கொதிக்கக் கொதிக்க வந்தது. மேலே சீஸ் பொன்னிறமாகக் கட்டியிருக்க, கரண்டியால் உடைத்ததும் ஆவி எழுந்தது. அடியில் இருந்த சோறு குழையாமல் ஒவ்வொரு பருக்கையிலும் வெண்ணெய் ஏறி இருந்தது. நோயுற்றவருக்காகச் செய்தது என்பது முதல் வாயிலேயே புரிந்தது, ஏனென்றால் காரமோ கடும் புளிப்போ இல்லாமல் அது மென்மையாக இறங்குகிறது. நம் நாக்குக்கு உப்பு சற்றுக் குறைவாகப் படலாம். நபொரித்தான் எனக்கு அதைவிடப் பிடித்தது. கெச்சப்பின் தித்திப்பே இல்லாமல் தக்காளியும் பூண்டும் தெளிவாகத் தெரிந்தன. அதில் வழக்கமாக ஹாம் சேர்ப்பார்கள். என் மனைவி இறைச்சி உண்பதில்லை என்று சொன்னதும் பரிமாறியவர் உள்ளே போய்க் கேட்டு வந்து, ஹாம் இல்லாமல் செய்து தருவதாகச் சொல்லி, தட்டை வைக்கும்போதும் அதை ஒருமுறை உறுதிப்படுத்தினார். முழுச் சைவர்கள் முன்பதிவின்போதே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. ஜப்பானில் காய்கறி உணவிலும் மீன் சாறு கலந்திருப்பது வழக்கம்.

சாலையைக் கடந்தால் யமாஷிதா பூங்கா. நிலநடுக்கத்தின் இடிபாடுகளைக் கடலில் கொட்டி மேடாக்கி 1930-இல் திறந்த பூங்கா இது. இதன் ஓரத்தில் குவிமாடம் வைத்த ஒரு சிறு நீர்மண்டபம் நிற்கிறது. நிலநடுக்கத்தில் இங்கே வாழ்ந்த இந்திய வணிகர்களும் மாண்டார்கள். உயிர் தப்பியவர்களுக்கு நகர மக்கள் உதவினார்கள். அதற்கு நன்றியாக இந்தியச் சமூகத்தார் 1937-இல் கட்டிக்கொடுத்தது இது. உள்ளே நின்று கூரையின் வண்ண வேலைப்பாட்டைப் பார்த்தோம். இங்கே தங்கும் இந்தியர் எவரும் இதைப் பார்க்காமல் வரக்கூடாது.

வாடகை மலிவில்லை, ஆனால் டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை. தோக்கியோவின் ஷிபுயாவிலிருந்து தோயோகோ ரயில் பாதையில் ஏறினால் ரயில் மாறாமல் மொத்தோமாச்சி-சூகாகாய் கடைசி நிலையம் வரை வந்துவிடலாம். அங்கிருந்து சில நிமிட நடை. சீனக் குடியிருப்பும் நடக்கும் தூரத்தில்தான். நீலப் படிக்கட்டை ஆளில்லாமல் பார்க்க விரும்புபவர்கள் வாரநாள் காலையில் போக வேண்டும். நாங்கள் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு திருமணப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. மணப்பெண்ணின் வெள்ளை அங்கியை இரண்டு பெண்கள் ஒவ்வொரு படியாக விரித்துச் சரிசெய்து முடிக்கும்வரை, பெட்டிகளோடு மேல்படியில் காத்திருந்துவிட்டுத்தான் கீழே இறங்கினோம்.