ஐஸ் காபிக்கு நுரை: 300 ரூபாய் ஃப்ராதர் போதுமா?

நுனியில் சுருள் உள்ள கம்பியைச் சுழற்றிப் பாலை நுரைக்க வைக்கும், பேட்டரியில் ஓடும் கையடக்க மில்க் ஃப்ராதர் ஒன்றை ஆன்லைனில் சுமார் 300 ரூபாய்க்கு வாங்கி, இந்தக் கோடை முழுக்க வீட்டு ஐஸ் காபிக்கு அதை வைத்துத்தான் நுரை அடித்துக்கொண்டிருக்கிறேன். வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் எந்தப் பாலை ஊற்றப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். தப்பான பாலில் 3,000 ரூபாய் மெஷினும் சோப்புக் குமிழி மாதிரி நாலு குமிழியைத்தான் தரும். சரியான பால், நல்ல குளிர்ச்சி, இரண்டும் இருந்தால் மூடி போட்ட பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கஃபே மெனுவில் ‘கோல்ட் ஃபோம்’ (குளிர் நுரை) என்று போட்டுத் தனியாகக் காசு வாங்குகிறார்களே, அதைப் பற்றித்தான் பேசுகிறேன். ஸ்டார்பக்ஸ் 2014-இல் சியாட்டிலில் திறந்த ரோஸ்டரியில் (காபிக்கொட்டை வறுக்கும் பெரிய கடையில்) இதை ஆரம்பித்தது, 2018-இல் அமெரிக்கக் கடைகளுக்குப் பரவலாகக் கொண்டுபோனது. அப்போது அது வெறும் கொழுப்பு நீக்கிய பாலைக் குளிராக அடித்த நுரைதான். கிரீஸில் அதற்கும் முன்பிருந்தே ஃப்ரெட்டோ கப்புச்சினோ என்ற ஐஸ் காபியின் தலையில் இப்படிக் குளிர்ந்த பால் நுரையைப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். ஆக, இதில் பரம ரகசியம் ஒன்றும் கிடையாது.

“நுரைக்குப் போய் மெஷினா, நாலு ஆத்து ஆத்தினா வந்துட்டுப் போகுது” என்றார் அம்மா. டபராவில் சூடாக ஆற்றும் காபிக்கு அது சரி. குளிர்ந்த பாலை எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினாலும் அந்த நுரை வராது, வந்தாலும் நிற்காது. காற்றுக் குமிழியைச் சுற்றிப் படலமாக நின்று தாங்குவது பாலில் இருக்கும் புரதம். அந்தப் படலத்தை உடைப்பது கொழுப்பு. அதுவும் எல்லா வெப்பநிலையிலும் உடைக்காது. நன்றாகச் சூடான பாலில் கொழுப்பு முழுக்க உருகிக் கிடக்கும், பெரிய தொந்தரவு இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த பாலில் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும், அப்போதும் ஓரளவு சமாளிக்கலாம். பாதி உருகி பாதி கெட்டியாக இருக்கும் 20 முதல் 35 டிகிரி வரைதான் ஆகவே ஆகாது. மே மாதத்தில் சென்னைச் சமையலறை மேடையில் பத்து நிமிடம் வைத்த பால் எந்த டிகிரியில் இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பாலை மட்டுமில்லை, நுரை அடிக்கும் டம்ளரையும் சேர்த்து ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பாக்கெட் பாலுக்கு வருவோம். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், டபுள் டோன்டில் 1.5, ஸ்டாண்டர்டைஸ்டில் 4.5, ஃபுல் க்ரீமில் 6. பொதுவாகக் காபிக்கு நாம் எல்லோரும் தேடிப்போவது ஆவினின் ஆரஞ்சு பாக்கெட்டை, அதாவது ஃபுல் க்ரீமை, ஆனால் குளிர் நுரைக்கு அது எனக்கு ஒத்துவரவில்லை. ஆவின் நீல பாக்கெட், அதாவது டோன்டு, பரவாயில்லை ரகம். டபுள் டோன்டு அதைவிட நன்றாக எழும்புகிறது. அமுல் ஸ்லிம் அண்ட் ட்ரிம் மாதிரி கொழுப்பு நீக்கிய டெட்ரா பேக் பாலில் நுரை பஞ்சு பஞ்சாக வந்து, டம்ளரைச் சாய்த்தாலும் அப்படியே நிற்கிறது. இன்னொரு சௌகரியம், டெட்ரா பேக் பாலைக் காய்ச்சவேண்டியதில்லை. காய்ச்சி ஆறவைத்த பாலிலும் நுரை வரும், ஆனால் ஆடையை முழுக்க வடிகட்டவேண்டும், அப்புறம் அந்தக் காய்ச்சிய வாசனை ஐஸ் காபியில் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். திறந்து நாலு நாள் ஃப்ரிட்ஜ் கதவில் கிடந்த பாலில் நுரை குறையும், கெட்டுப்போகாவிட்டாலும்கூட.

டெட்ரா பேக் தேடி அலைய முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டில் இருக்கும் நீல பாக்கெட் பால் 60 மி.லி.க்கு ஒரு டீஸ்பூன் ஸ்கிம்டு மில்க் பவுடர் போட்டுக் கட்டியில்லாமல் கலக்கி, குளிரவைத்து அடியுங்கள். புரதம் கூடுவதால் நுரை அடர்த்தியாகிறது, விலையும் மலிவு. டீக்குப் போடும் டெய்ரி ஒயிட்னர் வேறு, அதில் சர்க்கரை கலந்திருக்கும், கொழுப்பும் அதிகம். கடையில் இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும், பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிட்டு எடுங்கள்.

சரி, ஃப்ராதர். கையடக்க ஃப்ராதரில் பெரும்பாலும் இரண்டு ரகம். இரண்டு டபுள் ஏ பேட்டரி போடுவது ஒன்று, யூஎஸ்பி-யில் சார்ஜ் செய்வது இன்னொன்று. பிராண்ட் பெயர்கள் நூறு இருந்தாலும் கையில் வாங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே அச்சில் வார்த்தவைதான். பெட்டியில் நிமிடத்துக்கு இத்தனை ஆயிரம் சுற்று என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், பாலுக்குள் இறங்கியதும் அந்த வேகமெல்லாம் இருக்காது. என்னுடையது பேட்டரி ரகம். கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதா பேட்டரி போட்டால் நாலைந்து காபியிலேயே முனகத் தொடங்கிவிடுகிறது, ஆல்கலைன் போட்டால் நன்றாக உழைக்கிறது. இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் யூஎஸ்பி ரகத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் 200, 300 ரூபாய் நியாயம்தான். ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரி செத்துவிட்டால் அதைக் கழற்றி மாற்ற வழியில்லை, மொத்தமாகத் தூக்கித்தான் போடவேண்டும். அதனால் நான் இன்னும் டபுள் ஏ பக்கம்தான்.

குறைகளும் இருக்கின்றன. பேட்டரி மூடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கி மிக மெல்லிசு, என்னுடையதில் உடைந்து இப்போது ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். விற்ற கடைக்கு வாரண்டி கேட்டு அனுப்பிய மெயில் கிணற்றில் போட்ட கல்தான். கம்பி லேசாக வளைந்தால் போதும், சுற்றும்போது கை முழுக்க அதிர்வு ஏறும். கழுவும்போது குழாயடியில் காட்டவே கூடாது, கம்பி இறங்கும் ஓட்டை வழியாக மோட்டாருக்குள் தண்ணீர் போய்விடும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, கம்பியை மட்டும் முக்கிச் சில விநாடி ஓட்டிவிட்டு, இன்னொரு டம்ளர் நல்ல தண்ணீரில் ஓட்டினால் போதும். சுருள் இடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருந்தால் மறுநாள் நுரை எழும்பாது. அதே கம்பியால் முட்டை அடிப்பேன், சாலட் டிரெஸ்ஸிங் கலக்குவேன் என்கிறவர்கள் அதற்கென்று இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அடிக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. அகலமான கப் வேண்டாம், உயரமான ஒடுக்கமான எவர்சில்வர் டம்ளரில் 60 மி.லி. பால், கால் டம்ளருக்கு மேல் போகக்கூடாது. டம்ளரைக் கொஞ்சம் சாய்த்து, சுருளைப் பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பிடித்துவிட்டுத்தான் பட்டனை அழுத்தவேண்டும், வெளியிலேயே ஓடவிட்டு உள்ளே இறக்கினால் சட்டையெல்லாம் பால். முதலில் ‘சர்ர்’ என்று சத்தமாகக் காற்றை இழுக்கும். பால் இரட்டிப்பானதும் சுருளை இன்னும் கீழே இறக்குங்கள், சத்தம் அடங்கி மோட்டார் கொஞ்சம் திணறுகிற மாதிரி மாறும், அப்போது பெரிய குமிழிகள் உடைந்து சின்னதாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மொத்தம் முக்கால் நிமிடம் பிடிக்கும். நிறுத்தியதும் டம்ளரை மேடையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஒரு சுழற்று சுழற்றினால் மேலே பளபளவென்று ஒரு மினுக்கு வரும், அதுதான் பதம்.

சர்க்கரையை அடிப்பதற்கு முன்பே பாலில் கரைத்துவிடுங்கள். குளிர்ந்த பாலில் சர்க்கரை லேசில் கரையாது என்பதால் நான் பாகு காய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன், நாட்டுச் சர்க்கரைப் பாகு என்றால் இன்னும் ருசி. கூடவே ஒரு சிட்டிகை உப்பு. சிக்கரி கலந்த டிகாக்ஷனின் கசப்புக்கு அந்த உப்பு நன்றாகவே ஈடுகொடுக்கிறது. டிகாக்ஷன் முதல் இறக்காக, கள்ளிச்சொட்டாக இருக்கவேண்டும், ஐஸ் உருகி நீர்த்துப்போவதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி டம்ளரில் ஐஸ், டிகாக்ஷன், கொஞ்சமே கொஞ்சம் பால் அல்லது வெறும் தண்ணீர், அதற்கு மேல் நுரையை ஸ்பூனில் அள்ளி வையுங்கள். ஸ்ட்ரா போட்டுக் குடித்தால் நுரை கடைசிவரை மேலேயே கிடக்கும், வாய் வைத்துத்தான் குடிக்கவேண்டும்.

கொழுப்பில்லாப் பாலின் நுரைக்கு ஒரு குறை உண்டு. பார்க்க அழகு, நாக்கில் ஒன்றுமே இருக்காது, காற்றைச் சாப்பிடுகிற மாதிரி. அதற்காகத்தான் கஃபேக்கள் க்ரீம் சேர்த்த ரகத்துக்குப் போய்விட்டன. வீட்டில் அதற்கு இரண்டு பங்கு பால், ஒரு பங்கு அமுல் ஃப்ரெஷ் க்ரீம். அந்த க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான், கேக் க்ரீம் மாதிரி விறைத்து நிற்காது. நமக்குத் தேவை மெதுவாக வழிந்து டிகாக்ஷனுக்குள் கோடு கோடாக இறங்கும் பதம், அதற்கு இது போதும். ருசியில் என் ஓட்டு இதற்குத்தான். பேக்கரிச் சாமான் கடையில் விற்கும் விப் டாப்பிங் நொடியில் பொங்கி நிற்கும்தான், ஆனால் அது தாவரக் கொழுப்பும் சர்க்கரையும், காபி பிறந்தநாள் கேக் வாசனை அடிக்கும்.

மிக்ஸியிலேயே அடித்துவிடலாமே என்றால், 60 மி.லி. பால் பிளேடுக்கே எட்டாது, எட்டுகிற அளவு ஊற்றினால் குமிழி பெரிசு பெரிசாக வரும். க்ரீமைப் போட்டு ஒரு நிமிடம் கவனிக்காமல் விட்டால் வெண்ணெய் திரளும். நேற்று அரைத்த பூண்டுச் சட்னியின் வாசனை போகாத ஜார் என்றால் சொல்லவே வேண்டாம். குளிர் நுரைக்கென்று தனிப் பட்டன் வைத்த எலெக்ட்ரிக் ஜக் நண்பர் வீட்டில் பார்த்தேன், பட்டனை அழுத்திவிட்டு நாம் பாட்டுக்கு வேறு வேலை பார்க்கலாம், நுரையும் மெல்லிசாக, சீராக வருகிறது. ஆனால் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து, கோடையில் மட்டும் குடிக்கும் காபிக்கு அதை வாங்க எனக்கு மனசு வரவில்லை.

எனக்கு உண்மையில் ஆச்சரியம் தந்தது ஃப்ரெஞ்ச் பிரஸ், அதாவது வலை வைத்த அழுத்துதண்டு (பிளஞ்சர்) உள்ள காபிக் குடுவை. காபி போட வாங்கி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் குளிர்ந்த பால் ஊற்றி, கண்ணாடிக் குடுவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பிளஞ்சரை மேலும் கீழும் வேகமாக அடித்தால், அந்த வலை வழியாகப் பால் போய்ப்போய் வருவதால் நுரை ஃப்ராதரில் வருவதைவிடப் பொடியாக, ஷேவிங் க்ரீம் பதத்தில் வருகிறது. பேட்டரி வேண்டாம், ரிப்பேரும் கிடையாது. வலையைத் திருகிக் கழற்றிக் கழுவுவதுதான் எரிச்சல், சுத்தமாகக் கழுவாவிட்டால் பழைய காபி எண்ணெய் ஒட்டி நுரையைக் கெடுக்கும். வீட்டில் ஏற்கெனவே பிரஸ் இருக்கிறவர்கள் ஃப்ராதர் வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு காபிக்கு என்றால் எனக்கு ஃப்ராதர்தான் வசதி, எடுத்தோம் அடித்தோம் என்று முடிந்துவிடும். விருந்தாளிகள் நாலு பேர் வந்து உட்கார்ந்துவிட்டால் டம்ளர் டம்ளராக அடித்துக்கொண்டிருக்க முடியாது, முதல் ஆளுக்குப் போட்ட நுரை நாலாவது ஆளுக்கு அடிப்பதற்குள் அமுங்கிவிடும். அந்த நாளில் பிரஸ்ஸை இறக்கிவிடுவேன்.