புகார் போனால் யார் எடுப்பார்? ஓப்பன் சோர்ஸ் நடத்தை விதிகளும் பங்களிப்பு விதிகளும்: ஓர் ஒப்பீடு

யாரும் பார்த்து மாற்றக்கூடிய ஓப்பன் சோர்ஸ் கோடை வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு ரெப்போ (ஒரு புராஜெக்டின் கோப்புக் களஞ்சியம்) திறந்தால், நடத்தை விதி எங்கே, பங்களிப்பு வழிகாட்டி எங்கே என்று அதுவே நச்சரிக்கும். நம்மில் பலர் எங்கிருந்தோ ஒரு வார்ப்புருவை எடுத்து ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அதிகம் ஒட்டப்படுவது காண்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற ஆயத்த நடத்தை விதி. அதில் புகார் அனுப்ப வேண்டிய இடத்தில், தொடர்பு முறையை இங்கே நிரப்புக என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு இருக்கும். அதை நிரப்பாமல் அப்படியே விட்ட புராஜெக்டுகள் ஏராளம். யாரையாவது யாராவது திட்டினால் அந்த அடைப்புக்குறிக்குத்தான் புகார் அனுப்ப வேண்டும்.

எனவே இந்த விதிகளை ஒப்பிடும்போது, அவை என்னென்ன நல்ல குணங்களைப் பட்டியலிடுகின்றன என்று நான் பார்ப்பதில்லை. எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்: மரியாதையாகப் பேசு, பாலினம் சாதி நிறம் பார்த்துச் சீண்டாதே. நான் பார்ப்பது இரண்டு. புகார் யார் கைக்குப் போகிறது? அவரால் எவ்வளவு பெரிய ஆளை நிறுத்திக் கேட்க முடியும்?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இருந்து தொடங்கலாம். ஒரே புராஜெக்ட் மூன்று விதமாக முயன்று பார்த்திருக்கிறது.

2015 மார்ச்சில் அவர்கள் வைத்துக்கொண்டது கோட் ஆஃப் கான்ஃப்ளிக்ட் (மோதல் விதி). ஒரு பக்கம்கூட வராது. உங்கள் கோட் கடுமையாக அலசப்படும், விமர்சனம் வரும், அது கெர்னலின் தரத்துக்காக. அதையும் மீறித் தனிப்பட்ட முறையில் தாக்கப்பட்டதாக நினைத்தால் லினக்ஸ் அறக்கட்டளையின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவுக்கு எழுதுங்கள், அவர்கள் முடிந்ததைச் செய்வார்கள். அவ்வளவுதான். எது தவறு என்ற பட்டியல் இல்லை, தண்டனை இல்லை. அந்தக் காலத்தில் மிகச் சூடான மின்னஞ்சல்களை எழுதியவர் லினஸ் டோர்வால்ட்ஸ்தான் என்பது ஊரறிந்த செய்தி. முடிந்ததைச் செய்கிற குழு, கெர்னலின் தலைவரிடம் எதைச் செய்திருக்க முடியும்? நேர்மையான சிறு ஆவணம் என்று அதற்கு ஒரு மதிப்பெண் தரலாம். அமலாக்கத்துக்குப் பூஜ்யம்.

2018 செப்டம்பரில் காட்சி மாறியது. 4.19 பதிப்பின் நான்காவது முன்வெளியீட்டு மின்னஞ்சலிலேயே டோர்வால்ட்ஸ் தன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரம் ஒதுங்கினார். கூடவே பழைய விதி போய், காண்ட்ரிபியூட்டர் கவனன்டின் 1.4 பதிப்பு வந்தது. எதிர்ப்பு பலமாக இருந்தது. அரசியல் நுழைகிறது என்ற கூச்சலைத் தள்ளிவிடலாம். கெர்னலின் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர்களான மெயின்டெய்னர்கள் கேட்டது நியாயமான கேள்வி. விதியை அமல்படுத்தாத மெயின்டெய்னரும் நடவடிக்கைக்கு உள்ளாகலாம் என்று அந்தப் பதிப்பில் ஒரு வரி இருந்தது. சாதனங்களை இயக்கும் டிரைவர் மென்பொருள் எழுத வந்தவனைப் போலீஸ் வேலை பார்க்கச் சொன்னால் எப்படி? அக்டோபரில் 4.19 வெளியாவதற்குள் அந்த வரி நீக்கப்பட்டு, தனியே ஒரு விளக்க ஆவணமும் சேர்க்கப்பட்டது. வெளியிலிருந்து விதியை எடுத்து, உள்ளூர் உரையைப் பக்கத்தில் வைப்பது என்ற இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். மூல விதியை அதிகம் திருத்தாததால் பிற்பாடு ஒப்பிட எளிது. உரை இருப்பதால் நம்முடைய வேலை முறைக்கும் பொருந்துகிறது.

மூன்றாவது கட்டம் 2024 நவம்பர். பிகேச்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் மெயின்டெய்னர், சக டெவலப்பர் ஒருவரை மின்னஞ்சலில் தரக்குறைவாகப் பேசினார். நடத்தை விதிக் குழு பொது மன்னிப்பு கேட்கச் சொன்னது, அவர் கேட்கவில்லை. 6.13 பதிப்புக்கான அவருடைய கோட் ஏற்கப்படாது என்றார்கள். அந்த வாக்கில்தான் விளக்க ஆவணத்தில் படிகளும் எழுதப்பட்டன: பொது மன்னிப்பு, அதற்கு மறுத்தால் குறிப்பிட்ட காலத்துக்குத் தடை, தடைக்குத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். தடையும் காலவரையற்றதல்ல, ஒரு முழு வெளியீட்டுச் சுற்றுக்கு மேல் போகாது. தண்டனையின் அலகு வருடமோ மாதமோ அல்ல, கெர்னல் சுற்று. பேட்ச் (கோடில் செய்யும் மாற்றம்) எழுதுகிறவர்களுக்கு இதைவிடச் சட்டென்று உறைக்கும் அளவுகோல் கிடையாது. (அந்தக் கோப்பு முறைமை 2025இல் கெர்னலை விட்டே வெளியேறியது. அது வெளியீட்டு ஒழுங்கு பற்றிய வேறு சண்டை. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதுகிறவர்கள் அதிகம்.)

விதி வந்து ஆறு ஆண்டு கழித்துத்தான் வெளியில் தெரியும்படி அது கடித்தது. அதுவும் ஒரு முக்கியமான துணை அமைப்பின் பொறுப்பாளரை. கெர்னலின் மதிப்பெண் இங்கேதான் ஏறுகிறது.

ரஸ்ட் என்ற நிரலாக்க மொழிக்காரர்கள் நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தொடக்கக் காலத்திலிருந்தே நடத்தை விதி உண்டு. 2015 முதல் அதை அமல்படுத்தவென்றே தனி மட்டுறுத்தல் (மாடரேஷன்) குழுவும் உண்டு. காகிதத்தில் பார்த்தால் லினக்ஸைவிடப் பல படி மேல். ஆனால் 2021 நவம்பரில் அந்தக் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது. புராஜெக்டின் தலைமையான கோர் குழு தன்னைத் தவிர யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டது, ஆகவே அவர்கள் மீது விதியை அமல்படுத்த முடியவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். கீழே உள்ள ஆயிரம் பேரைக் கட்டுப்படுத்த முடிந்த விதி, மேலே இருந்த சிலரிடம் முட்டி நின்றது.

அதன்பின் ரஸ்ட் செய்த பழுதுபார்ப்புதான் இந்த ஒப்பீட்டில் ஆகச் சுவாரசியமான பகுதி. 2023இல் கோர் குழுவைக் கலைத்துவிட்டுத் தலைமைக் கவுன்சில் என்று ஒன்றை அமைத்தார்கள். அதன் சாசனத்தில் மட்டுறுத்தல் குழுவுக்குப் புறம்பாக மாற்று மட்டுறுத்துநர்கள் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். கவுன்சிலுக்கும் மட்டுறுத்தல் குழுவுக்கும் தீராத சண்டை வந்தால், கடைசி வழியாக, இருவரில் எவர் நினைத்தாலும் இரண்டு குழுக்களையும் ஒரே நேரத்தில் கலைத்துவிடலாம். எதிராளியை மட்டும் கலைக்க முடியாது. கலைத்தால் தானும் போக வேண்டும். பட்டியலில் உள்ள மாற்று ஆட்கள் தற்காலிகமாக மட்டுறுத்தல் பொறுப்பேற்பார்கள். இதை யோசித்து எழுதியவர் யாரானாலும் அவர் நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் ஏதாவது பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றும். பத்துப் பேர் உள்ள புராஜெக்டுக்கு இது யானைத் தீனி. நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு பற்றிச் சுருக்கமாக. 2004இலேயே எழுதப்பட்ட, இந்த வகையில் முன்னோடியான விதி அது. அதிகாரபூர்வ உறுப்பினராக வேண்டுமானால் உங்கள் ஜிபிஜி என்ற குறியாக்கச் சாவியால் அதில் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். மேலே பார்த்தவற்றில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது: விலகும்போது எப்படி விலக வேண்டும். சொல்லிவிட்டுப் போ, வேலையை இன்னொருவர் தொடரும்படி விட்டுப் போ. மெயின்டெய்னர் காணாமல் போன மென்பொருள் பேக்கேஜை நம்பி அவதிப்பட்ட எவருக்கும் இந்த வரியின் அருமை புரியும்.

இவர்கள் அனைவரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவரை எப்படி நடத்துவது என்று யோசித்தவர்கள். எஸ்கியூலைட் கதவையே திறக்கவில்லை. உங்கள் போனிலும் பிரவுசரிலும் இருக்கும் அந்தத் தரவுத்தளத்தை எழுதுவது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். கோட் பொதுச் சொத்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியார் பேட்ச் அனுப்பினால் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள், தங்கள் பங்களிப்பைப் பொதுச் சொத்தாக்குவதாக எழுத்துப்பூர்வ உறுதி தந்தவர்களுக்கு மட்டும்தான் இடம். ஓப்பன் சோர்ஸ், ஆனால் ஓப்பன் பங்களிப்பு இல்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அங்கேயும் ஒரு நடத்தை விதி இருந்தது. சில வாடிக்கையாளர் நிறுவனங்களின் சப்ளையர் பதிவுப் படிவத்தில் நடத்தை விதி என்று ஒரு கட்டம் இருந்ததால், அதை நிரப்புவதற்காக நிறுவனர் ரிச்சர்ட் ஹிப் எடுத்துப் போட்டது ஆறாம் நூற்றாண்டுத் துறவியான புனித பெனடிக்டின் மடாலய விதிகள். கடவுளை முழு மனத்தோடு நேசி என்று தொடங்கி 72 கட்டளைகள். 2018 அக்டோபரில் இது வெளியே பரவி, சிலர் சிரிக்க, சிலர் கொதிக்க, கடைசியில் அதை நெறி ஆவணம் என்று பெயர் மாற்றிவிட்டு மொசில்லாவின் விதிகளை நடத்தை விதியாக வைத்துக்கொண்டார்கள். எனக்கு இதில் கோபப்பட ஒன்றுமில்லை. புகார் கொடுக்க வெளியாளே இல்லாத இடத்தில் எந்த விதியை வைத்தால் என்ன? கட்டத்தை நிரப்ப எழுதப்பட்ட விதிகளிலேயே, கட்டத்தை நிரப்பத்தான் எழுதினோம் என்று ஒப்புக்கொண்ட ஒரே விதி அது.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், மூடிய கதவுக்கு ஒரு நியாயம் உண்டு. 2020 அக்டோபரில் ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், நான்கு புல் ரெக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரிக்கை) அனுப்பினால் டி-ஷர்ட் இலவசம் என்றதும், புராஜெக்டை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பும் வெள்ளம் வந்தது. அதைத் தூண்டியவற்றில் ஓர் இந்திய யூடியூப் பாடமும் உண்டு. நிகழ்வு நடக்கும்போதே, விரும்பிச் சேரும் ரெப்போக்களுக்கு மட்டும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. பின்னாளில் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் என்ற வலை மென்பொருளின் ரெப்போவுக்கும் இதே கதி. கோட் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியைச் சொல்லித்தரும் ஒரு வீடியோவில் காட்டியதை அப்படியே செய்து பார்த்த நம் நாட்டு மாணவர்கள், ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்த்து அனுப்பித் தள்ளினார்கள். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. வேறொருவர் வீட்டுச் சுவரில் எழுதிப் பழகச் சொன்ன வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும். இதற்கு நடத்தை விதி உதவாது. எந்த மாதிரி மாற்றங்களை ஏற்கமாட்டோம் என்று பங்களிப்பு வழிகாட்டியின் முதல் பத்தியிலேயே சொன்னால், படிக்கிறவர்களாவது நிற்பார்கள்.

இனிக் கையெழுத்து விவகாரம். கோட் கொடுப்பவரிடம் புராஜெக்ட் எழுதி வாங்குவதில் மூன்று வகை உண்டு. காப்புரிமையையே எழுதி வாங்குவது ஒன்று. ஈமாக்ஸ் எடிட்டருக்குச் சுமார் 15 வரிக்கு மேல் கோட் கொடுத்தால் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்கு இன்றும் அப்படி எழுதித் தர வேண்டும். ஜிசிசி கம்பைலர் 2021இல் இந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. இரண்டாவது சிஎல்ஏ (பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம்): காப்புரிமை உங்களிடமே இருக்கும், ஆனால் விரிவான உரிமத்தை அமைப்புக்குத் தருகிறீர்கள். அப்பாச்சியும் கூகுளும் இதைக் கேட்கின்றன. மூன்றாவது டிசிஓ (கோட் வந்த மூலத்துக்கு டெவலப்பர் தரும் சான்று). 2003இல் எஸ்சிஓ நிறுவனம் லினக்ஸில் தன் கோட் இருப்பதாக வழக்குப் போட, எந்த வரி யார் மூலம் வந்தது என்பதற்குச் சான்று வேண்டும் என்று 2004இல் கெர்னல் கொண்டுவந்தது. படிவம் கிடையாது. கமிட் செய்யும்போது (கிட்டில் மாற்றத்தைப் பதியும்போது) கட்டளையில் மைனஸ் எஸ் போட்டால் செய்தியின் அடியில் சைன்ட்-ஆஃப்-பை என்று உங்கள் பெயரும் மின்னஞ்சலும் விழும். இதை நான் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று அதற்கு அர்த்தம். பேட்ச் ஒவ்வொரு மெயின்டெய்னர் கையாக மாறும்போது அவரவர் வரி கீழே சேரும். ஒரு கெர்னல் கமிட்டின் அடிப்பகுதியைப் படித்தாலே அது வந்த வழி தெரிந்துவிடும்.

சிஎல்ஏ படிவங்களில் கடைசிப் பெயர் கேட்கும் கட்டத்தில் இனிஷியலை விரித்து எழுதுவதா, அப்பா பெயரைப் போடுவதா என்று நாம் படும் பாடு தனி. டிசிஓவில் அந்தத் தொல்லை இல்லை. 2023இல் உண்மைப் பெயர் கட்டாயத்தையும் கெர்னல் தளர்த்தி, அநாமதேயமாக இல்லாமல் அறிந்த அடையாளமாக இருந்தால் போதும் என்றது.

ஆனால் என் வாக்கு டிசிஓவுக்கு விழுவதற்குக் காரணம் அந்த வசதி அல்ல. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப், டெராஃபார்ம் என்ற தன் மென்பொருளை எம்பிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்திலிருந்து, போட்டியாளர்களைத் தடுக்கும் பிஎஸ்எல் உரிமத்துக்கு மாற்றியது. வெளியார் எழுதிய வரிகளையும் சேர்த்து ஒரே நாளில் மாற்ற முடிந்ததற்கு அவர்கள் போட்டுக் கொடுத்த சிஎல்ஏ கைகொடுத்தது. பழைய கோடை எடுத்துக்கொண்டு பிரிந்து போன ஓப்பன்டோஃபு டிசிஓவைத் தேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. லாப நோக்கற்ற அறக்கட்டளை கேட்கும் சிஎல்ஏவை இதே தட்டில் வைக்கக் கூடாது. ஒரே படிவம், ஆனால் மறுமுனையில் இருப்பவர் வேறு. டிசிஓ இருந்தால் போதும் என்று அசட்டையாகவும் இருக்க முடியாது. ரெடிஸ் தரவுத்தளம், எடுத்து வேறு உரிமத்தில் வெளியிடவும் அனுமதிக்கும் பிஎஸ்டி உரிமத்தில் இருந்ததால், 2024 மார்ச்சில் உரிமம் மாற்றுவதற்கு அவர்களுக்கு யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை.

சென்னையிலோ பெங்களூருவிலோ ஐடி நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே பங்களிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட கட்டில், நீங்கள் எழுதும் மென்பொருள் நிறுவனத்துக்கே என்ற ஷரத்து பெரும்பாலும் இருக்கும். சிஎல்ஏ என்றால் நிறுவனத்தின் ஒப்புதலும் தேவைப்படலாம் என்று பயந்து டிசிஓ புராஜெக்டுக்குப் போகிறவர்கள் உண்டு. டிசிஓவிலும் நீங்கள் சொல்வது, கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்பதைத்தான். எச்ஆரிடம் கேட்காமல் இரண்டையும் செய்ய முடியாது.

டிசிஓ இன்று புதிய சோதனையில் இருக்கிறது. ஏஐ எழுதிய கோடை, இது எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும் என்று யார் சான்றளிப்பது? இந்தக் காரணத்தையே சொல்லி 2025 ஜூனில், கணினியை மென்பொருளாகப் பாவனை செய்யும் க்யூஇஎம்யூ புராஜெக்ட் அத்தகைய கோடை மறுத்தது. இயங்குதளங்களான ஜென்டூவும் நெட்பிஎஸ்டியும் 2024லேயே தடை போட்டுவிட்டன. ஃபெடோரா லினக்ஸ் 2025 அக்டோபரில் எதிர்வழியில் போனது: பயன்படுத்திக்கொள், வெளிப்படையாகச் சொல், பொறுப்பு உன்னுடையது. தடை போட்டவர்களின் தர்க்கம் கறாராக இருக்கிறது, ஆனால் ஒளித்து வைப்பவரைக் கண்டுபிடிக்க அவர்களிடம் வழியில்லை. நான் ஃபெடோரா பக்கம்.

ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு தமிழ் எழுத்துப்பிழை திருத்தியோ, விசைப்பலகையோ செய்கிறீர்கள் என்றால் இப்படி அமைத்துக்கொள்ளலாம்: காண்ட்ரிபியூட்டர் கவனன்ட் 2.1, திருத்தம் எச்சரிக்கை தற்காலிகத் தடை நிரந்தரத் தடை என்ற அதன் நான்கு படிகளோடு. அடைப்புக்குறியில் இரண்டு முகவரிகள். இரண்டாவது முகவரி புராஜெக்டைத் தொடங்கியவருடையதாக இருக்கக் கூடாது, முடிந்தால் புராஜெக்டுக்கே வெளியாளுடையதாக இருக்கட்டும். உபுண்டுவிலிருந்து விலகல் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடுக்கு டிசிஓ, மாற்றங்களையும் திறந்தே வைக்கச் சொல்லும் ஜிபிஎல் அல்லது எம்பிஎல் உரிமம். ரஸ்ட் சாசனத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம்; உங்களுக்குள் ஒரு குழு இன்னொரு குழுவைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு ஆள் சேர்ந்த பிறகு எடுத்துப் படியுங்கள்.