ஆமை நடை: மாணவர்களே நடத்தும் இரவு வகுப்பு

சென்னையில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர், ராத்திரி முழுக்க மணலில் நடக்க வேண்டும். ஆமை கண்ணில் படும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். எங்களுக்கும் படவில்லை. ஆனாலும் என் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை இனி வருஷா வருஷம் அழைத்துப் போகத்தான் போகிறேன்.

இதை நடத்துவது எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு. 1988-இல் தொடங்கியது. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி என்ற கடலாமை) முட்டையிட வரும் மாதங்களில் வாரக்கடைசி இரவுகளில் நாமும் கூடப் போகலாம்.

நடப்பதற்கு முன் மணலில் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண். ஆயிரத்தில் ஒன்று பிழைத்து வளர்ந்தாலே பெரிது. நான் வகுப்பில் நடத்துகிற உயிரியல்தான். ஆனால் கடைசி பெஞ்சில் வாயே திறக்காத குப்பத்துப் பையன், "அண்ணா, 2025 ஜனவரில அவ்ளோ ஆமை செத்து ஒதுங்குச்சே, எங்க வலையாலயா?" என்று கேட்டான். பேசிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் மழுப்பவில்லை. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை இழுக்கக் கூடாது என்பது சட்டம்; மீறி வந்து இழுக்கும்போது ஆமை வலையின் மடியில் சிக்கி, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் சாகிறது என்றார். "எங்கப்பா ஃபைபர் படகு வலையும் அதுலதான் அறுபடுது" என்றான் பையன். அதன்பிறகு அவன்தான் பேசினான், மற்ற பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நள்ளிரவு தாண்டி, டிராக்டர் ஏறிப் போன மாதிரி ஒரு தடம். ஆமை முட்டையிட்டுத் திரும்பிப் போயிருந்தது. தொண்டர் பெண் ஒருவர் குச்சியை மெதுவாக ஊன்றி ஊன்றிப் பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் குச்சி தானாக இறங்கியது. அங்கே மண்டியிட்டு, கையாலேயே முழங்கை ஆழத்துக்குத் தோண்டினார். முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் வைத்தார், நூற்றுக்கும் மேல். எண்ணிக்கையை எழுதும் பொறுப்பை என் மாணவி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டார். குழியின் ஆழம், அகலம் இரண்டையும் அளந்தார்கள். முட்டைகளைக் காவலில் வைத்துப் பொரிக்கவிடும் பொரிப்பகத்திலும் அதே அளவில் குழி எடுத்துத்தான் புதைக்கிறார்கள்.

வழியெல்லாம் மனதை உறுத்தியது வெளிச்சம். பொரித்த குஞ்சு கடல் பக்கம் தெரியும் மங்கிய ஒளியைப் பார்த்துத்தான் ஓட வேண்டும். கரையோர ஃபிளாட்டுகளும் ஹோட்டல்களும் போடுகிற ஃபோகஸ் விளக்கு அதை ரோட்டுப் பக்கம் இழுத்துவிடுகிறது.

திரும்பி வந்த வாரமே பிள்ளைகள் எங்கள் பகுதியில் கடலைப் பார்த்து எரியும் விளக்குகளை நோட்டில் குறித்து, ஒரு வரைபடமும் போட்டு, குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் போய் நின்றார்கள். அவர் திருட்டுப் பயம் என்றார். அணைக்க வேண்டாம், தகர மறைப்புப் போட்டுத் தரையைப் பார்க்கத் திருப்பினால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். மொட்டைமாடி விளக்குகள் இப்போது இரவு 11 மணிக்கு மேல் எரிவதில்லை. ஒரு ஹோட்டல்காரர் மட்டும் இன்னும் மசியவில்லை. விடுவதாக இல்லை அவர்கள். மதிப்பெண் இல்லை, சான்றிதழ் இல்லை, நானும் சொல்லவில்லை. சார்ட் ஒட்டி முடித்துவிடும் எங்கள் சுற்றுச்சூழல் மன்றங்களில் இப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை.

போகிறவர்களுக்கு: டார்ச், மொபைல் வெளிச்சம் கூடாது. தண்ணீர் கையோடு இருக்கட்டும். வழியில் கழிவறை கிடையாது, பெண் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெற்றோர் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வேனைப் பெசன்ட் நகரில் நிற்கச் சொல்லுங்கள். விடியற்காலையில் நீலாங்கரைக்குத் திரும்பி நடக்க யாருக்கும் தெம்பு இருக்காது.