சாட்ஸ்வொர்த் தெருக்காவலில் ஜெல்லோவும் வாட்ஸ்அப்பும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருக்காவல் குழு ஜெல்லோ, வாட்ஸ்அப் ஆகிய இரண்டையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறது. கைப்பேசியை வாக்கி-டாக்கியாக மாற்றும் ஜெல்லோவில் பொத்தானை அழுத்திப் பேசினால், ரோந்து செல்பவர்கள், தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை, சமூகக் காவல் மன்றப் பொறுப்பாளர் என அனைவருக்கும் ஒரே நேரத்தில் கேட்கிறது. இம்மன்றங்கள் 1995ஆம் ஆண்டின் காவல்துறைச் சட்டப்படி அமைந்தவை என்பதால், எங்கள் தகவல் காவல் நிலையத்தைச் சென்றடைய முறையான வழி இருக்கிறது.

தைப்பூசக் காவடியன்று இதன் அருமை தெரியும். கோயிலைச் சுற்றிக் கார்கள் நெருக்கியடித்து நிற்கும்போது, ரிமோட்டின் சமிக்ஞையைத் தடுத்து, உரிமையாளர் பூட்டியதாக நினைத்துவிட்டுப் போன காரிலிருந்து கைப்பையை எடுத்துச் செல்லும் திருட்டு இங்கே சகஜம். வண்டியின் நிறம், பதிவெண், திரும்பிய திசை ஆகியவற்றை ஒருவர் சொன்னால், அடுத்த முனையில் நிற்பவர் அதைக் கண்டுகொள்ள முடிகிறது. 'சந்தேகத்துக்குரிய ஆள் நிற்கிறார்' என்ற செய்தியால் ஒருவருக்கும் பயனில்லை. அவர் பெரும்பாலும் மினிபஸ் டாக்சிக்குக் காத்திருப்பவராகத்தான் இருப்பார்.

வாட்ஸ்அப்பில்தான் எனக்கு மனக்குறை. இரங்கல் அறிவிப்புகளுக்கும் காலை வணக்கங்களுக்கும் நடுவே எச்சரிக்கை காணாமல் போவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனுக்கு வடக்கேயுள்ள ஃபீனிக்ஸில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த நாட்களில், யார், எப்போது பேசியது என்றே தெரியாத குரல்பதிவுகள் கைமாறிக் கைமாறி அச்சத்தை வளர்த்தன. அதன்பின் எங்கள் குழுவில் பொறுப்பாளர்கள் மட்டுமே பதிவிட முடியும். மூலம் தெரியாத குரல்பதிவு உடனே நீக்கப்படும். சிலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள்; குழுவுக்கு அதனால் நட்டமில்லை.

2013இல் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஏற்ப மாறிக்கொள்ளத் தந்த சலுகைக் காலமும் 2021 ஜூன் இறுதியோடு முடிந்துவிட்டது. அதனால் கேமராவில் பதிந்த முகத்தைக் குழுவில் போடாமல், வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு விசாரணை அதிகாரிக்கு மட்டும் அனுப்புகிறோம். ஆள் மாறிப்போனால் வரும் வம்பும் இதனால் இல்லை.

ஜெல்லோவின் பெரிய குறை, இணையம் இல்லாவிட்டால் அது ஊமை என்பதே. 2023இன் கடும் மின்வெட்டில், கைப்பேசிக் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்ததும் சிக்னல் அடங்கிப்போனது. அதற்காகவே பழைய கைரேடியோக்களைக் கோயில் அலுவலகத்தில் இன்னும் சார்ஜில் வைத்திருக்கிறோம். அவற்றில் கட்டுப்பாட்டு அறையோடு தொடர்பில்லை. காவல்துறையின் அவசர எண்ணான 10111ஐ அழைக்கவும் சிக்னல் இல்லாத வேளையில், ஒருவர் வண்டியெடுத்துக் காவல் நிலையத்துக்கே போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.