பணம் வாங்க மறுத்த கால்பந்து அறக்கட்டளை

எங்கள் கடற்கரையில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கால்பந்து பழக்கும் சின்ன அறக்கட்டளை ஒன்று, நான் நீட்டிய பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. லண்டனுக்குத் திரும்பிய பிறகும் அதுவேதான் மனதில் ஓடுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கம் பந்துக்கு வசூல் எப்படி நடக்கும் என்று நம்மவர்களுக்குத் தெரியும். செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி, வைக்கிறோம் என்று பையன்கள் நோட்டோடு வீடு வீடாக வருவார்கள். வெளிநாட்டுக்காரன் வீட்டு வாசலில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பார்கள். யாரும் கணக்குக் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் நானும் கவரில் ரூபாயைப் போட்டுக்கொண்டு போனேன்.

ஒரே அறைதான் அலுவலகம். சுவரோரம் பழைய பூட்ஸ் அடுக்கியிருந்தது. ஒவ்வொரு ஜோடியின் உள்பக்கமும் மார்க்கரில் ஓர் எண். பதிவேட்டைத் திறந்தால், அந்த எண்ணுக்கு நேரே எந்தப் பிள்ளை எப்போது வாங்கியது, கால் வளர்ந்ததும் எப்போது திருப்பித் தந்தது, அடுத்து யாருக்குப் போனது என்று எல்லாம் இருக்கிறது. ஒரு ஜோடி நாலு பேர் காலில் ஏறி இறங்கியிருந்தது.

கணக்குப் பார்க்கும் பெண் கவரைத் தொடவே இல்லை. "அண்ணே, உங்க பாஸ்போர்ட் எந்த நாடு?" என்றாள். பிரிட்டிஷ் என்றேன். "கோவிச்சுக்காதீங்க, அப்போ எங்களால வாங்க முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. பிறந்தது இங்கே, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ கார்டு இருக்கிறது, கொடுப்பதும் ரூபாய்தானே என்று வாதாடினேன். ரூபாயாகக் கொடுத்தாலும் வெளிநாட்டுக் குடிமகன் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடைதான் என்றாள். அதை வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் பதிவு வேண்டும். பதிவுக்கு மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும், அந்தக் காலத்தில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் அதற்கான கணக்கைத் தொடங்க முடியும். சரி, துபாயில் இருக்கும் தம்பி இந்தியப் பாஸ்போர்ட்காரன், அவன் பெயரில் அனுப்பட்டுமா என்றேன். "அவரு சொந்தக் காசுன்னா பேங்க் வழியா தாராளமா அனுப்பலாம். உங்க காசு அவரு கை மாறி வந்தா அதுவும் தப்புதான் அண்ணே."

கோபம் அவள் மேல் இல்லை, சட்டத்தின் மேல். லண்டனில் மகனின் கிளப்புக்கு மாதாமாதம் கட்டணம் கட்டுகிறேன். அங்கே வரி கட்டுகிறவன் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்து, படிவத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்தால் போதும், பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசாங்கமே சேர்த்துக் கொடுக்கிறது. இங்கே 15 லட்சம் செலவழித்துக் காட்ட இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? 2017 ஒக்கி புயலில் ஆளைக் கடலுக்குக் கொடுத்த ஊர்கள் இவை. இரவிபுத்தன்துறையில் பிறந்த கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ் இந்திய அணிவரை போனதும் இதே மணலிலிருந்துதான். பெரிய நிறுவனங்களைக் கண்காணிக்கப் போட்ட விதியைப் பழைய பூட்ஸுக்கு எண் போட்டு வைக்கும் இடத்தின் மேலும் அப்படியே சுமத்துவது அநியாயம்.

ஆனாலும் அந்தப் பெண்ணை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. கேமரா இல்லை, தணிக்கையாளர் பக்கத்தில் இல்லை. வாங்கி மேசை டிராயரில் போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? நம் ஊரில் பொதுக் காசை இவ்வளவு கறாராகப் பார்த்து நான் வளரவில்லை.

குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து குறிப்பிட்ட தொகை வாங்க முன் அனுமதி கேட்கும் வழி ஒன்று இருக்கிறதாம். விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அது வரும்போது வரட்டும். அதுவரை வளைகுடாவில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கும் நம்ம பிள்ளைகள், சொந்தச் சம்பளத்திலிருந்து, வங்கி வழியாக, ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் விலையையாவது அனுப்புங்கள். சின்ன அளவு பூட்ஸ்தான் அங்கே அதிகம் தட்டுப்பாடு. ரசீது கட்டாயம் வரும்.