ஆன்டெனா மூட்டுக்கு எது: சிலிக்கானா, ஹீட் ஷ்ரிங்கா, ரப்பர் டேப்பா?

போன ஐப்பசியில் ஹாம் ரேடியோவில் பேச மொட்டைமாடியில் வைத்திருக்கும் என் இரண்டு மீட்டர் அலைநீள ஆன்டெனா திடீரென்று நல்ல பிள்ளையாகிவிட்டது. அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவில் பட்டுத் திரும்புகிறது என்பதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (1-ஐ நெருங்க நெருங்க நல்லது) வழக்கமான 1.6-லிருந்து 1.2-க்கு இறங்கியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் தினமும் பேசுகிறவர்கள், "சிக்னல் ரொம்ப வீக்கா இருக்கு, ஓ.எம்." என்றார்கள். (ஓ.எம். என்பது ஹாம்கள் நண்பரை அழைக்கும் சொல்.) மேலே போய், கேபிளை ஆன்டெனாவோடு இணைக்கும் கனெக்டரைக் கழற்றினேன். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. கேபிளின் உறையைக் கீறிப் பார்த்தால், செப்புப் பின்னலில் ஒரு முழ நீளத்துக்குப் பச்சைக் களிம்பு.

மீட்டரைக் குறை சொல்ல முடியாது. நனைந்த கேபிள் சக்தியைத் தானே தின்றுவிடும். ஆன்டெனாவில் பட்டுத் திரும்பும் அலையும் வரும் வழியிலேயே தேய்ந்துவிடும். கேபிளில் 3 டெசிபல் இழப்பு இருந்தால், அதாவது பாதிச் சக்தி வீணானால், மேல்முனையில் ஆன்டெனாவே மாட்டாமல் விட்டாலும், எகிற வேண்டிய மீட்டர் கீழே 3 என்றுதான் காட்டும். அதனால் மழைக்காலத்தில் எஸ்.டபிள்யூ.ஆர். தானாகக் குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

கேபிள் முனையில் பலரும் மாட்டும் பி.எல்.-259 வகைக் கனெக்டருக்குத் தண்ணீரைத் தடுக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. என்-டைப் என்ற இன்னொரு வகையில் ரப்பர் வளையம் உண்டு. அதற்கும் மேலே ஒரு உறை சுற்றுவது நல்லது. வெறும் கறுப்பு இன்சுலேஷன் டேப் மட்டும் போதும் என்பவர்கள் சித்திரை வெயிலில் ஒருமுறை மாடிக்குப் போய்ப் பார்க்கட்டும். பசை உருகி வழிந்து, டேப் வாழைப்பழத் தோல் மாதிரி தொங்கும்.

சிலிக்கான் பசைதான் என்னைக் கவிழ்த்தது. ஹார்டுவேர் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் சாதாரண வகையில் வினிகர் வாடை அடிக்கும். காயும்போது அது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகையில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் எந்த வகையானாலும், ஓரத்தில் மயிரிழை பிரிந்தால் போதும், தண்ணீர் உள்ளே போகும். திரும்பி வர வழியிருக்காது.

உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய், பார்க்க அழகு. என் கேபிள் ஆர்.ஜி.-213, அதன் குறுக்களவு 10.3 மில்லிமீட்டர். கனெக்டரோ கிட்டத்தட்ட இரு மடங்கு தடிமன். பாதியாகச் சுருங்கும் சாதாரணக் குழாய் கனெக்டர் மேல் நுழைந்துவிடும், ஆனால் கேபிளை இறுக்கிப் பிடிக்காது. மூன்றில் ஒன்றாகச் சுருங்கும் வகையைத் தேடி வாங்க வேண்டும். மாடியில் காற்றடிக்கும்போது ஹீட் கன்னைப் பிடித்துக்கொண்டு நிற்பது தனிப் பாடு. இதை ஒரே ஒரு மூட்டில்தான் போட்டிருக்கிறேன், அதுவும் ஒரு மழையைத்தான் பார்த்திருக்கிறது. இதுவரை கசியவில்லை.

நான் இப்போது நம்புவது, தன்மேல் தானே ஒட்டி ஒன்றாகிவிடும் ரப்பர் டேப்பை. காரணம் ஒன்றுதான்: திரும்பப் பிரிக்கலாம். ஆன்டெனா வேலை என்பது பாதி கழற்றுவதுதான். புயல் எச்சரிக்கை வந்தால் இறக்குகிறோம், அளவு பார்க்கக் கழற்றுகிறோம், ஆன்டெனாவை மாற்றுகிறோம். சிலிக்கான் பூசிய கனெக்டரை நான் கத்தியும் பல் பிரஷ்ஷுமாக ஒரு மணி நேரம் சுரண்டினேன். மரைக்குள் புகுந்தது கடைசிவரை போகவில்லை. ஹீட் ஷ்ரிங்கை அறுத்து எடுத்தால் புதுக்குழாய் வாங்க வேண்டும். ரப்பர் டேப்பை பிளேடால் நெடுக ஒரு கீறு கீறினால் வேர்க்கடலைத் தோடு மாதிரி இரண்டாகக் கழன்று வரும்.

அப்படிக் கழல வேண்டுமென்றால் முதல் சுற்று முக்கியம். சாதாரண இன்சுலேஷன் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு சுற்று சுற்றுகிறேன். கனெக்டரில் பசை படாது. அதன்மேல் ரப்பர் டேப், அகலம் பாதியாகும்வரை இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி. சுற்றுவது கீழிருந்து மேலாக; அப்போதுதான் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி மேல் மடிப்பு கீழ் மடிப்பை மூடும். கடைசியாக, வெயிலுக்கு மறைப்பாக நல்ல வினைல் டேப். இதன் கடைசிச் சுற்றை மட்டும் இழுக்கக் கூடாது. கத்தரியால் வெட்ட வேண்டும். இழுத்துப் பிய்த்தால் ஒரு வாரத்தில் நுனி கொடி மாதிரி பறக்கும்.

சிலிக்கான் ரப்பரில் வரும் டேப்புக்கு வெயில் மறைப்பே வேண்டாம், வேலை சுருக்கம். ஆனால் சின்னக் கீறல் விழுந்தாலும் அங்கிருந்து கிழிந்துவிடும். எங்கள் மாடியில் காக்கைகள் அதிகம், நான் வாங்கவில்லை.

இந்தத் தை மாதம் ஒரு மூட்டைப் பிரித்துப் பார்த்தேன். கனெக்டர் மாட்டிய அன்று இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது. மூட்டுக்குக் கீழே கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டிருக்கிறேன், வழியும் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கேபிளை ஆன்டெனாவோடு பொருத்தும் பாலன் சுருள் இருக்கும் பெட்டியை மட்டும் முழுசாக அடைக்கவில்லை. பகலில் சூடாகி இரவில் குளிரும்போது அது ஈரக்காற்றை எப்படியும் உள்ளிழுக்கும் என்பதால் அடியில் சின்னத் துளை போட்டேன். அதன் வழியாக எறும்பு குடிவந்துவிட்டது. இப்போது அங்கே கொசுவலைத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறது.